நிப்பிள் வாளியில் தண்ணீர் குடிக்கக் கோழிகளைப் பழக்குவது எப்படி?

கோலாலம்பூரில் வீட்டுக் கொல்லையில் 9 பெட்டைக்கோழிகள் வளர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடியில் நிப்பிள், அதாவது கோழி கொத்தினால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சிறு உலோக ஊசி, பொருத்திய வாளி ஒன்றை வாங்கித் தொங்கவிட்டு, அன்று காலையிலேயே பழைய தண்ணீர்ச் சட்டியை எடுத்துவிட்டீர்கள். இரண்டு நாளாகியும் ஒரு கோழிகூட வாளியைத் தொட்டதாகத் தெரியவில்லை. நாளுக்கு ஐந்தாறு கிடைத்த முட்டை இரண்டாகக் குறைந்துவிட்டது. ஒரு கோழி இறக்கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூலையில் நிற்கிறது. "தாகம் எடுத்தால் தானாகக் கற்றுக்கொள்ளும், சட்டியைத் திரும்ப வைத்தால் பழக்கம் கெட்டுவிடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் பொறுத்திருக்கிறீர்கள். எத்தனை நாளில் பழகும் என்பதே நீங்கள் கேட்டது. ஆனால் அதற்குள்ளே, பழகும்வரை தண்ணீரை நிறுத்தி வைப்பது சரிதானா என்ற கேள்வியும் இருக்கிறது. அது காத்திருக்க முடியாத கேள்வி என்பதால் அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

சரியல்ல. பழைய சட்டியைக் கழுவி, குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே நிழலில் வைத்துவிடுங்கள். மூலையில் நிற்கும் கோழியைத் தனியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, அலகின் ஓரத்தில் கரண்டியால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். அதுவே தலையைத் தூக்கி விழுங்கட்டும். வாயைப் பிளந்து ஊற்றிவிடாதீர்கள். கோழியின் மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றிய தண்ணீர் அதற்குள் இறங்கினால் தாகத்தால் சாகாத கோழி அதனால் செத்துப்போகும். கொஞ்சம் தெளிந்த பிறகு சட்டியைப் பக்கத்தில் வைத்தால் அதுவே குடிக்கும். இறக்கை தொங்குவது தாகத்தாலும் வெயிலாலும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். எழுத்தில் படித்து அதைச் சொல்லிவிட என்னால் முடியாது, சொல்வதும் முறையல்ல. தண்ணீர் குடித்த பிறகும் இன்று மாலைக்குள் தேறவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

இனி காரணத்தைச் சொல்கிறேன். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வெயில் ஏறும்போது அலகைத் திறந்து மூச்சு வாங்கி, உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது. நம் ஊரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அந்த ஆவியாதலும் மந்தமாக நடக்கிறது. அதனால் கோழி மேலும் வேகமாக மூச்சு வாங்கி, மேலும் ஈரத்தை இழக்கிறது. குளிர்ச்சியான நாளில் ஒரு முட்டைக்கோழி உண்ணும் தீவனத்தின் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், அதாவது கால் லிட்டர் அளவு. நல்ல வெயிலில் அது அரை லிட்டர் வரை போகும். ஓடு நீங்கலாகப் பார்த்தால் முட்டைக்குள் இருப்பதில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர்தான் என்பதால், தண்ணீர் குறைந்தவுடன் உடல் முதலில் கைவிடுவது முட்டையைத்தான். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கிடைக்காத கோழியின் முட்டையிடல் சரிந்து, பழைய நிலைக்கு வரப் பல நாள் ஆகலாம். ஒன்றரை நாளைத் தாண்டினால் சில கோழிகள் இறகு உதிர்க்கவும் தொடங்கிவிடும். இவற்றில் எனக்குச் சந்தேகம் இல்லை. இரண்டு நாள் வாளியைத் தொடாமலே உங்கள் கோழிகள் உயிரோடு இருப்பதால், அவை வேறெங்கோ குடித்திருக்கின்றன என்றே நினைக்கிறேன். மழைத்தண்ணீர் தேங்கிய பூந்தொட்டித் தட்டோ, பின்பக்கக் கால்வாயோ, ஏர்கோன் குழாய் சொட்டும் இடமோ எங்காவது இருக்கும். தேடிப் பாருங்கள். கால்வாய்த் தண்ணீரைக் குடித்திருந்தால் அதுவே தனியாக ஒரு கவலை.

தாகம் பாடம் நடத்தும் என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். பினாங்கு மாநிலத்தில் செபராங் பிறையின் தென்பகுதியில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி, குஞ்சுகளை முட்டையிடும் பருவம்வரை வளர்க்கும் கொட்டகையின் மேற்பார்வை. வேலைக்குச் சேர்ந்த நான்காம் ஆண்டில், கூரையிலிருந்து தொங்கும் மணி வடிவத் தண்ணீர்த் தட்டுகளில் குடித்து வளர்ந்த 16 வாரக் கோழிகளை நிப்பிள் குழாய் ஓடும் கூண்டுகளுக்கு மாற்றினோம். குழாயில் தண்ணீர் இருந்தது, அழுத்தம் சரியாக இருந்தது, கோழிகளும் நல்ல திடமாக இருந்தன. இரண்டாம் நாள் தீவனத் தொட்டியில் வழக்கத்தைவிட அதிகம் மிச்சமிருந்ததைப் பார்த்து, இடம் மாறிய கலக்கம் என்று நானே எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஓரக் கூண்டுகளில் ஆறு கோழிகள் செத்துக் கிடந்தன. ஒன்றை எடுத்துத் தீனிப்பையைத் தொட்டுப் பார்த்தேன். கழுத்துக்கும் மார்புக்கும் இடையில் இருக்கும் அந்தப் பை, காய்ந்த பட்டாணி நிறைத்த துணிப்பை போல விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. நிப்பிள் அதன் தலைக்கு மேலே நான்கு விரல் தூரத்தில்தான் இருந்தது. தீவனம் மிஞ்சியதற்குக் காரணம் கலக்கம் இல்லை. தண்ணீர் இல்லாத கோழியால் தீவனத்தையும் உண்ண முடியாது. அந்தத் தவறு என்னுடையது. அன்றிலிருந்து எந்தக் கோழி குடித்தது, எது குடிக்கவில்லை என்று கண்ணால் பார்க்காமல் அடுத்த கூண்டுக்கு நகர்ந்ததில்லை.

தலைக்கு மேலேயே இருந்த தண்ணீரை அந்தக் கோழிகள் ஏன் காணவில்லை என்பதைப் புரிந்துகொண்டால் பழக்கும் வழியும் தெளிவாகும். கோழியால் நம்மைப் போலவோ புறாவைப் போலவோ உறிஞ்சிக் குடிக்க முடியாது. அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஒரு வாய் அள்ளி, தலையை உயர்த்தித் தொண்டையில் இறக்குகிறது. சட்டியில் வளர்ந்த கோழிக்குத் தண்ணீர் என்றால் தரையை ஒட்டி, கீழே, பளபளக்கும் பரப்பு. தலைக்கு மேலே தொங்கும் வாளியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் உலோக ஊசி அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே படாது. எவ்வளவு தாகம் எடுத்தாலும் அது தனக்குத் தெரிந்த இடத்தில்தான் தேடும். சட்டி இருந்த மண்ணைக் கிளறும், சுவரோரம் அலையும், கடைசியில் மூலையில் போய் நின்றுவிடும். தாகம் தேடத்தான் வைக்கும், எங்கே தேடுவது என்று காட்டாது. அதைக் காட்டக்கூடியது வேறொன்று, அதுவும் கோழிக்குள்ளேயே இருக்கிறது. பளபளக்கும் சிறு பொருளைக் கண்டால் கொத்திப் பார்க்கும் குணம் கோழிக்குப் பிறவியிலேயே உண்டு. மழை விட்ட பிறகு வேலிக் கம்பியில் தொங்கும் நீர்த்துளிகளைக் கோழிகள் வரிசையாகக் கொத்திக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நிப்பிளைக் காட்டிப் பயனில்லை. நிப்பிளின் நுனியில் தொங்கும் துளியைக் காட்ட வேண்டும்.

அதற்கு முன் வாளியைச் சோதித்துவிடுங்கள். கோழி பழகவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்குக் குறை வாளியில்தான் இருந்தது. சுண்டுவிரல் நுனியால் ஊசியை மெல்லப் பக்கவாட்டில் தள்ளுங்கள், உடனே துளி வர வேண்டும். அழுத்தித் தள்ளினால்தான் வருகிறது என்றால் அந்த நிப்பிள், மோட்டார் அழுத்தத்தில் ஓடும் பெரிய பண்ணைக் குழாய்களுக்கானதாக இருக்கலாம். ஒரு வாளித் தண்ணீரின் எடைக்கு அது சரிவராது. மறுபுறம், வீட்டுக் குழாயை நேரடியாக நிப்பிளில் இணைத்தால் அழுத்தம் மிஞ்சி, திறக்காமல் இறுகும் அல்லது ஓயாமல் ஒழுகும். அடுத்து மூடியைப் பாருங்கள். இறுக்கமாக மூடிய வாளியில் காற்று புக வழியில்லை என்றால் சில நூறு மில்லிலிட்டர் இறங்கியதும் உள்ளே வெற்றிடம் உண்டாகித் தண்ணீர் நின்றுவிடும். முதல் நாள் குடித்த கோழி மறுநாள் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டுக் கைவிடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மூடியின் விளிம்புக்கு அடியில் ஊசி அளவு துளை ஒன்று போட்டால் போதும். நிப்பிள் நேர் செங்குத்தாக இருக்கிறதா என்றும் பாருங்கள், சாய்ந்த நிப்பிள் ஒழுகும். உயரத்தைப் பொறுத்தவரை, நிமிர்ந்து நிற்கும் கோழியின் தலைக்குச் சற்று மேலே, கழுத்தை நீட்டி அலகைச் சாய்வாக உயர்த்தினால் எட்டுமாறு இருக்க வேண்டும். மிகத் தாழ்ந்திருந்தால் கழுத்தைத் திருப்பிக் கொத்தும்போது பாதித் தண்ணீர் மண்ணில் விழும். பழக்கும் நாட்களில் மட்டும் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் இறக்கி வைத்து, பழகிய பிறகு உயர்த்திவிடுவது என் வழக்கம்.

இந்த ஊரில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு வாளித் தண்ணீருக்குள் கையை விட்டுப் பாருங்கள். கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் கோழி குடிக்க மறுப்பது பழக்கக் குறையால் ஆகாது. தன் உடலைக் குளிர்விக்க முடியாத தண்ணீரைக் கோழி விரும்பாது, வெப்பம் ஏற ஏறக் குடிக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். வெயிலில் தொங்கும் கறுப்பு வாளியும், தகரக் கூரையை ஒட்டி ஓடும் பிவிசி குழாயும் நண்பகலில் நன்றாகச் சூடேறிவிடும். வாளி வெள்ளையாக இருக்கட்டும், நாள் முழுக்க நிழலில் தொங்கட்டும். என் வீட்டில் நண்பகலில் பழைய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன்.

வாளி சரியாக இருந்தால் இனிப் பழக்கலாம். கோழி இருட்டில் குடிப்பதில்லை. மாலையில் அடையும் முன் வயிறாரக் குடித்துவிட்டு, இரவு முழுக்கக் குடிக்காமல் இருந்து, விடிந்ததும் தாகத்தோடு கீழே இறங்குகிறது. இயற்கையாக வரும் இந்தத் தாகம் போதும், இதற்கு மேல் நாம் எதையும் கூட்ட வேண்டியதில்லை. கோழிகள் அடைந்த பிறகு சட்டியை எடுத்துவிடுங்கள். காலையில் கூண்டைத் திறக்கும்போது நிப்பிள் வாளி மட்டும் இருக்கட்டும், நீங்களும் அருகில் இருங்கள். சட்டி எங்கே இருந்ததோ அதே இடத்துக்கு மேலே வாளியைத் தொங்கவிடுவது நல்லது, கோழிகள் தண்ணீரைத் தேடி முதலில் வருவது அங்கேதான். வாளியருகில் குந்தி உட்கார்ந்து விரலால் ஊசியைத் தட்டி ஒரு துளியைத் தொங்கவிடுங்கள். அது விழுந்ததும் அடுத்தது. கையை அதிகம் ஆட்ட வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். பயந்த கோழி அந்த வாளியையே பயத்தோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். காலைக் குளிர்ச்சி இருக்கும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் இப்படிச் செய்யுங்கள். பழகினாலும் பழகாவிட்டாலும் அதன் பிறகு சட்டி திரும்ப வந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் மீண்டும் தொடங்குங்கள். சட்டியைத் திரும்ப வைத்ததால் பழகாமல் போன கோழியை நான் பார்த்ததில்லை. நாள் ஓரிரண்டு கூடும், அவ்வளவுதான்.

அதோடு, பகலில் திரும்ப வைக்கும் சட்டி ஒரு சிறு தட்டாக, நிப்பிளுக்கு நேர் கீழே இருக்கட்டும். குடிக்க வரும் கோழியின் தலை தற்செயலாக ஊசியில் உரசும், துளி தட்டில் விழும், விழும் ஒவ்வொரு துளியும் நீர்ப்பரப்பில் ஒரு சலனத்தை உண்டாக்கும். அந்தச் சலனத்தைப் பார்த்து நிமிரும் கோழிதான் முதலில் கற்றுக்கொள்ளும் கோழி. அது ஒரு கண்ணை மேலே திருப்பி, தலையைச் சாய்த்து, அசையாமல் இரண்டு மூன்று நொடி துளியையே பார்க்கும். பிறகு ஒரு கொத்து. அலகில் ஈரம் பட்டதும் பின்வாங்கி அலகை மென்று பார்க்கும், மறுபடி வந்து கொத்தும். மூன்றாவது நான்காவது கொத்துக்குப் பிறகு தலையை உயர்த்தி விழுங்குவதைக் கண்டால் அந்தக் கோழியைப் பற்றிய கவலை தீர்ந்தது. அங்கிருந்து நாளுக்கு நாள் தட்டில் ஊற்றும் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

ஊசியில் சோற்றையோ சர்க்கரையையோ தடவிவைக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு. கோழி வந்து கொத்தத்தான் செய்யும். ஆனால் சோற்றுப் பசை உள்ளே போய் நிப்பிள் மூடாமல் ஒழுகத் தொடங்கும், மாலைக்குள் வாளியெல்லாம் எறும்பாகிவிடும். நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கைக்கு அடங்கி நிற்கும் கோழி என்றால், மடியில் வைத்துக்கொண்டு அலகின் நுனியை மெதுவாக ஊசியில் தொடவைக்கலாம். குஞ்சுகளுக்கு இது நன்றாகவே பலிக்கும். கோழிக்குஞ்சு கண்ணில் படுவதையெல்லாம் கொத்திப் பார்க்கும் பருவத்தில் இருப்பதால், முதல் நாளிலிருந்தே நிப்பிளைக் கண் மட்டத்தில் வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே கற்றுக்கொள்ளும். கடினம் எல்லாம் ஓராண்டு ஈராண்டு சட்டியிலேயே குடித்த கோழிகளிடம்தான்.

எத்தனை நாள் என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் கொல்லைக் கணக்கைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் வளர்த்த 7 கம்போங் கோழிகளை, அதாவது நாட்டுக்கோழிகளை, இப்படித்தான் மாற்றினேன். முதல் காலையிலேயே இரண்டு குடித்தன. நான்காம் நாளுக்குள் இன்னும் நான்கு. மிஞ்சிய ஒன்றுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. ஏழு கோழியை வைத்து விதி சொல்ல முடியாது என்றாலும், பண்ணையில் ஆயிரக்கணக்கில் பார்த்ததும் இதே சாயல்தான்: பெரும்பாலானவை சில நாளில் பழகும், ஒன்றிரண்டு மட்டும் நெடுநாள் எடுக்கும். முதலில் கற்ற கோழியைப் பார்த்து மற்றவை கற்றுக்கொள்கின்றன என்று எல்லோரும் சொல்வார்கள், என் கண்ணுக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் அவை உண்மையிலேயே அந்தச் செயலைப் பார்த்துச் செய்கின்றனவா, அல்லது முதல் கோழி கொத்தும்போது தெறிக்கும் துளிகளால் ஈர்க்கப்பட்டுத் தாமாகவே கண்டுபிடிக்கின்றனவா என்பதைக் கொல்லையில் நின்று பிரித்தறிய முடியாது. சிவப்பு நிற நிப்பிளுக்குக் கோழிகள் விரைவில் வரும் என்ற பேச்சையும் இதே தட்டில்தான் வைப்பேன். கோழிக்கு நிறம் நன்றாகத் தெரியும் என்பது உறுதி. ஆனால் நான் பார்த்தவரையில் நிறத்தைவிடத் துளிதான் வேலை செய்தது. அதற்காக வாளியை மாற்றிப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்று, பதினொரு நாள் எடுத்த அந்தக் கோழியைப் பற்றியது. அதற்கு நிப்பிள் தெரியாமல் இல்லை. ஐந்தாம் நாளே ஒருமுறை ஊசியைக் கொத்தியதைப் பார்த்தேன். அடுத்த நொடி மூத்த பெட்டை வந்து தலையில் ஒரு கொத்துக் கொடுத்து விரட்டிவிட்டது. கோழிகளுக்குள் யார் முதலில் உண்பது, யார் ஒதுங்குவது என்ற வரிசை கண்டிப்பாக உண்டு. அகலமான சட்டியைச் சுற்றி ஐந்தாறு கோழிகள் ஒரே நேரத்தில் நிற்கலாம், வரிசையில் கடைசியில் இருப்பதும் ஓரத்தில் நின்று நாலு வாய் குடித்துவிடும். ஒரே வாளியில் நெருக்கமாக இருக்கும் நிப்பிள்களை ஒரு முரட்டுப் பெட்டையே காவல் காத்துவிட முடியும். நான் இரண்டாவது வாளியை, முதல் வாளியிலிருந்து பார்த்தால் தெரியாதபடி கூண்டின் மறுபக்கம் கட்டினேன். அன்று பிற்பகலே அந்தக் கோழி நின்று நிதானமாகக் குடித்தது. உங்கள் 9 கோழிகளுக்கு மூன்று நான்கு நிப்பிள் எண்ணிக்கையளவில் போதும் என்றாலும், அவற்றை இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள்.

பழகிவிட்டதா என்பதைக் கூட்டமாகப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒன்பதில் எட்டு குடித்தாலும் வாளி குறையும், நமக்கும் நிம்மதி வந்துவிடும். ஒன்பதாவது மூன்று நாளில் போய்விடும். ஒவ்வொரு கோழியின் காலிலும் வெவ்வேறு நிற வளையம் மாட்டி, குடிப்பதைக் கண்ணால் கண்ட கோழிக்கு மட்டும் ஒரு தாளில் குறியிடுங்கள். குறி விழாத கோழியை இரவு அடைந்த பிறகு தடவிப் பாருங்கள். நன்றாக உண்டு குடித்த கோழியின் தீனிப்பை பிசைந்த மாவு போல நிறைந்தும் நெகிழ்ந்தும் இருக்கும். காலியாக இருந்தாலோ, உள்ளே காய்ந்த தானியம் கரகரவென்று தட்டுப்பட்டாலோ மறுநாள் அதற்குத் தனியாகச் சட்டி வையுங்கள். கொண்டை நிறம் மங்கிச் சுருங்குவது, கண் குழிவது, எச்சம் காய்ந்து சிறுத்துப்போவது ஆகியவையும் அடையாளங்கள். ஆனால் இவை தெரிவதற்குள் நேரம் கொஞ்சம் கடந்திருக்கும். வாளியின் வெளிப்புறத்தில் ஒவ்வொரு லிட்டருக்கும் கோடு போட்டு, காலையும் மாலையும் பாருங்கள். 9 கோழிகளுக்கு நாளுக்கு இரண்டேகால் லிட்டருக்குக் குறைந்தால் விசாரிக்க வேண்டும், வெயில் நாளில் நாலரை லிட்டர் வரை போகும். சட்டிக் காலத்துக் கணக்கோடு ஒப்பிட்டுப் பயந்துவிடாதீர்கள், சட்டித் தண்ணீரில் நல்ல பங்கு சிந்தியும் கவிழ்ந்தும் போனதுதான். அதேபோல வாளிக்கு அடியில் மண் சேறாக இருந்தால் குறைந்த தண்ணீரைக் கோழிக் கணக்கில் எழுதாதீர்கள், அது ஒழுகியதாக இருக்கும்.

நிப்பிளுக்கு மாற நினைத்த உங்கள் எண்ணம் நல்ல எண்ணம், அதைக் கைவிடச் சொல்லவில்லை. திறந்த சட்டியில் கோழி எச்சமிடும், மைனாவும் காகமும் வந்து குடிக்கும், இரவில் எலி வரும். இரத்தக்கழிச்சலும் வெள்ளைக்கழிச்சலும் பரவ அசுத்தமான தண்ணீரும் ஒரு வழி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், கொல்லையில் மறந்துபோன ஒரு தட்டுத் தண்ணீர் அக்கம்பக்கத்துக்கே டிங்கியைக் கொண்டுவரலாம். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருந்தால் அபராதம் விதிக்கப்படலாம். ஆனால் மூடிய வாளி என்பதாலேயே அது சுத்தம் என்று இருந்துவிடக் கூடாது. இந்த வெப்பத்தில் வாளியின் உட்சுவரிலும் நிப்பிள் கழுத்திலும் வழவழப்பான பாசிப் படலம் சீக்கிரம் படியும். வாரம் ஒருமுறை காலி செய்து, தூரிகையால் தேய்த்து, ஒவ்வொரு ஊசியையும் தட்டி நீரோடவிட்டுக் கழுவுங்கள். வினிகர் கலப்பதென்றால் நான்கு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி போதும், பிளாஸ்டிக் வாளியில் மட்டும். துத்தநாகப் பூச்சுள்ள தகர வாளியில் புளிப்பு எதையும் ஊற்றக் கூடாது, பூச்சு கரைந்து தண்ணீரில் இறங்கும்.

எல்லாக் கோழியும் பழகிய பிறகும் திறந்த தண்ணீரை முழுதாக ஒழிக்க வேண்டுமா என்று கேட்டால், இந்த ஊரில் வேண்டாம் என்பது என் முடிவு. நல்ல வெயிலில் கோழி குடிப்பதோடு நிற்காமல் கொண்டையையும் தாடியையும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளும். நிப்பிள் அந்தக் குளிர்ச்சியைத் தராது. வெயில் உறைக்கும் நாட்களில் காலை பதினொரு மணிக்கு ஒரு சிறு சட்டியை நிழலில் வைத்து, மாலை ஐந்து மணிக்கு எடுத்துக் கவிழ்த்துவிடுகிறேன். கவிழ்ப்பதோடு உட்புறத்தைத் தேய்த்தும் விடுகிறேன், ஏடிஸ் முட்டை காய்ந்த சுவரிலும் ஒட்டியபடி உயிரோடு இருக்கும். அடைகாக்கும் கோழி, இறகு உதிர்க்கும் கோழி, ஒரு கண் பார்வை போன கோழி, நோயிலிருந்து தேறும் கோழி ஆகியவற்றை நிப்பிளுக்குப் பழக்க முயலவே வேண்டாம். உங்கள் மூலைக் கோழிக்கும் முழுதாகத் தேறும்வரை சட்டிதான்.

நிப்பிளுக்குப் பதில் கிண்ணம் வைத்த வகையை வாங்கியிருக்க வேண்டுமோ என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். மேலே சொன்னபடி இரண்டு வாரம் செய்து பாருங்கள். அதன் பிறகும் குறி விழாத கோழி இரண்டு மூன்று இருந்தால், அதே வாளியின் பக்கத்தில் துளையிட்டு ஒரே ஒரு கிண்ணத்தைப் பொருத்துங்கள். அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும் மிதவை வகையாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் நாக்கை அழுத்தினால்தான் நிரம்பும் வகை, ஊசியைப் போலவே இன்னொரு புதிராகிவிடும். கிண்ணத்தின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். கோழிகள் கிளறும் மண்ணும் உமியும் அதில் விழும் என்பதால் தினமும் காலையில் ஒரு விரலை உள்ளே விட்டுத் துடைத்துவிடுங்கள்.